மழைக்கு ஒதுங்க ஐந்தடி

"இன்னைக்குப் பினாங்குல மழை" என்று வானொலியில் சொன்னதும், கொடிமலைக்குப் போகலாமா என்று கேட்டு நேயர்கள் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். போகாதீர்கள். மேலே ஏறினால் மேகம்தான் தெரியும், டிக்கெட் காசு வீண். அக்டோபர் மழையில் நான் கைகாட்டுவது ஜார்ஜ்டவுனின் பழைய கடைத்தெருக்களைத்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த அத்தை ஊர் திரும்ப ஒரு நாள்தான் பாக்கி. முழங்கால் வலி வேறு. சிம்பாங் அம்பாட்டில் விடியலிலிருந்தே அடைமழை. "எங்கப்பா ரஜூலா கப்பல்ல வந்து இறங்குன ஊரைப் பார்க்காம எப்படிடா போறது?" என்று அவரே குடையைத் தேடி எடுத்தார். கோமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. கரை இறங்கி லெபோ பசாருக்குள் நுழைந்ததும் குடையை மடக்கிவிட்டோம்.

காரணம், காக்கி லீமா. கடைவீட்டின் மாடி முன்னால் நீண்டிருக்கும்; அதன் கீழே ஏறக்குறைய ஐந்தடி அகலத்துக்கு நடைவழி. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் இதை விதியாக்கினார்: வழி கூரையோடு இருக்க வேண்டும், எந்நேரமும் திறந்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டு வழியோடு சேர வேண்டும். பிறகு பினாங்கிலும் அதே முறை பரவியது. ஜப்பானில் ஒசாகாவின் தென்ஜின்பாஷி-சுஜி கடைத்தெருவுக்கு 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனியாகக் கூரை போட்டிருக்கிறார்கள். இங்கே வீடுகளே குடை பிடிக்கின்றன.

பூக்கடை, மளிகைக்கடை, பாட்டுக்கடை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டி, லெபோ குவீனில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில். அங்கிருந்து சூலியா தெரு. முனையிலிருந்த தர்காவின் பெயரைப் படித்த அத்தை நின்றுவிட்டார். "நம்ம நாகூர் ஆண்டவரா? இங்கேயுமா?" கடல் தாண்டி வந்தவர்கள் நாகூர் நினைவாக எழுப்பியது அது. இன்னும் சில அடி நடந்தால் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இவ்வளவையும் அரை நாளில் பார்த்துவிடலாம். சுவரோவியங்களுக்கு முன் வரிசை கட்டும் கூட்டம் இந்த நடைவழியை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பது என் பழைய வருத்தம்.

"கப்பல் இறங்கின ராத்திரி அப்பா இந்த மாதிரி ஒரு ஐந்தடியிலதான் படுத்தாராம்" என்றார் அத்தை. எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் வழி எல்லா இடத்திலும் திறந்திருக்கவில்லை. ஓரிடத்தில் மோட்டார் சைக்கிள்கள், அடுத்ததில் அடுக்கிய பெட்டிகள், இன்னொன்றில் இரும்புக் கம்பிக்கதவு. ஒவ்வொரு முறையும் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, படியிறங்கி, கணுக்கால் தண்ணீரில் நடந்து மறுபடி ஏற வேண்டியிருந்தது. இந்தச் சண்டை புதிதல்ல. 1888-இல் சிங்கப்பூரில் நடைவழிகளைக் காலி செய்யப் போனபோது கலவரமே வெடித்தது. கடைக்காரருக்கும் இடம் வேண்டும், புரிகிறது. இருந்தாலும் 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊரில், முழங்கால் வலிக்காரர் நனையாமல் நடக்க முடிய வேண்டாமா?

நான்காவது தடுப்பில் அத்தை இறங்க மறுத்துவிட்டார். "தம்பி, இதைக் கொஞ்சம் நகத்துறீங்களா?" என்று கடைக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். இளைஞர் ஒருவர் ஓடி வந்து, "மன்னிச்சிருங்கம்மா" என்று இரண்டு பெட்டிகளைத் தள்ளி வைத்தார். அத்தை ஒருக்களித்து நுழைந்தார். பின்னாலேயே நாங்கள் ஆறேழு பேர்.