செத்த காலேஜில் எங்கள் அத்தை

"செத்த காலேஜுக்கா? போயிட்டு வந்தா தலைக்குத் தண்ணி ஊத்திக்கணுமே!" என்றார் அத்தை.

எழும்பூர் மியூசியத்தைத்தான் சொன்னார். அந்தக் காலத்துச் சென்னைக்காரர்கள் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும், பாடம் செய்த மிருகங்கள் இருக்கிற மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்லுவார்களாம். என் கணவரின் தாயாருக்கு எழுபத்தெட்டு வயசு. இன்னும் அந்தப் பேச்சு மாறவில்லை.

நாங்கள் அம்பத்தூருக்குக் குடிவந்து இருபது வருஷம் ஆகிறது. புடவை எடுக்க எத்தனையோ தடவை பட்டணத்துக்குப் போயிருக்கிறேன். மியூசியத்தை ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னதால்தான் கிளம்பினோம். அத்தையையும் வற்புறுத்திக் கூப்பிட்டதற்கு வேறு காரணம் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்தபோது, அத்தையின் வெண்கல உருளியைப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். தூக்க முடியாத கனம், மூலையில் கிடக்கிறதே என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக எவர்சில்வர் அடுக்கு வாங்கினேன். அது அத்தைக்கு அவர் அம்மா கொடுத்த சீர். தெரிந்தபோது அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அன்றிலிருந்து சமையலறைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். 1851-ல் ஆரம்பித்த மியூசியம் அது. பாந்தியன் சாலையில் பெரிய பெரிய மரங்களும் சிவப்புக் கட்டடங்களுமாக நிற்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். கால் ஓய்ந்துவிடும்.

முதலில் கற்காலக் கருவிகளைப் பார்த்தோம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற வெள்ளைக்காரர் 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தன. அவர் சேகரித்தவை 1904-ல் இந்த மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தார்கள். பூண்டி ஏரித் தண்ணீரைக் குடிக்கிற நமக்கு இது தெரியாமல் இருந்ததே!

"கைக்கு அடக்கமா, அம்மிக் குழவியை உடைச்ச மாதிரி இருக்குடி," என்று பேத்தியிடம் சொன்னார் அத்தை. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்புறம் வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடம். அர்த்தநாரீஸ்வரர் பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கிறார். திருவெண்காட்டிலிருந்து வந்தவராம். அங்கிருந்து நகர்ந்தபோது மகள் கத்தினாள்: "ஆயா! உங்க ஊரு பேரு போட்டிருக்கு!"

திருவாலங்காட்டு நடராஜர்!

அத்தை பிறந்தது திருவாலங்காடு. எங்கள் அரக்கோணம் ரயில் பாதையிலேயே இருக்கிற ஸ்டேஷன்தான். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். கண்ணில் தண்ணீர். "திருவாசி இல்லையே, சடையும் இல்லையே," என்றார். நிஜம்தான். சுற்றி இருக்க வேண்டிய நெருப்பு வளையமும் பறக்கும் சடையும் அந்தச் சிலையில் இல்லை. ஆனாலும் அந்த ஆட்டம் குறையவில்லை. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்துச் சிலை. ரோதான் என்ற பிரெஞ்சுச் சிற்பி இதன் புகைப்படங்களைப் பார்த்தே மனம் பறிகொடுத்து, 1913-ல் நடராஜரைப் பற்றி எழுதினாராம். நான் அரை மணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு, இருபது வருஷம் பார்க்காமல் இருந்தேன்.

ஊர்க் கோயிலில் காளியோடு போட்டியிட்டு, காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் ரத்தின சபைக் கதையையும், அங்கே தலையாலேயே நடந்து வந்த காரைக்கால் அம்மையார் கதையையும் பேத்திக்குச் சொன்னார். பிறகு பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். காவலுக்கு நின்ற பெண், "கும்பிட்டுக்கங்க பாட்டி, பூ மட்டும் வேணாம். ஈரம் பட்டா சிலைக்கு ஆகாது," என்று தன்மையாகச் சொன்னாள்.

"இவருக்குப் பூவும் இல்ல, விளக்கும் இல்ல, பாவம்," என்றவர், சற்று நேரம் கழித்து, "பத்திரமா இருக்காரே, அது போதும். உருக்கிடாம வெச்சிருக்காங்களே," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முதலில் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். போனால் போனதுதான். அத்தையின் உருளியும் அப்படித்தானே?

"அத்தை, உருளியை நான் போட்டிருக்கக் கூடாது," என்றேன் அங்கேயே. அவர் பதில் சொல்லவில்லை. மல்லிகையைக் கிள்ளி, பாதியைப் பேத்தி தலையிலும் பாதியை என் தலையிலும் வைத்தார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெள்ளிக்கிழமை விடுமுறை. தண்ணீரும், வயசானவர்களுக்கு வேளை மாத்திரையும் மறக்காதீர்கள். இரண்டு கூடங்கள் பார்த்தால் போதும், மீதி அடுத்த தடவைக்கு. பக்கத்திலேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகமும் இருக்கிறது.

வீட்டில் பழைய வெண்கலச் சாமி சிலை இருந்து, அதில் பச்சைப் பொடி பூத்தால், புளியும் மணலும் போட்டுத் தேய்க்காதீர்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிப்பதால் வருவது அது. தேய்த்தால் முகச்சாயலும் சேர்ந்து போகும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

திங்கட்கிழமை காலை சமையலறையில் சத்தம் கேட்டது. பரணில் மிச்சமிருந்த சின்ன வெண்கலப் பானையை மகளை விட்டு இறக்கச் சொல்லி, அத்தை பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். "புளிப்பு மட்டும் இதுல வைக்காதே," என்றார் என்னிடம். உருளி திரும்பி வராது. அந்தப் பானை இனி எடைக்கும் போகாது.