லேக் மார்க்கெட்டில் ஒரு டேக் விசாரம்

ராஷ்பிஹாரி அவென்யூவிலிருந்து லேக் மார்க்கெட்டுக்குள் திரும்புகிற எவருக்கும், வாழையிலைக் கட்டுகளும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் புதிதாய் அரைத்த காப்பிப் பொடியின் வாசனையும் ஒன்றுசேர்ந்து, தாம் நிற்பது வங்காளத்தின் தலைநகரம்தானா என்ற சந்தேகத்தை ஒரு கணமாவது உண்டாக்காமல் இரா. ரயில்வே காரியாலயங்களிலும் வர்த்தகக் கம்பெனிகளிலும் குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் உத்தியோகம் தேடி வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் நிலைகொண்ட வட்டாரம் இது. அவர்களுடைய சந்ததியார் சிலர் இன்று இணையதளம் கட்டுகிறார்கள்; அந்தக் கைத்தொழிலைப் பிரத்தியட்சமாகப் பார்க்கவே ஒரு பழைய வீட்டின் மேல்மாடிக்கு ஏறிப் போயிருந்தேன்.

ஐந்தாறு பேர் வேலை செய்கிற சிறிய அறை. தலைமை வகிப்பவர் ஐம்பதைக் கடந்த தமிழர். என்னிடம் தமிழும் மற்றவர்களிடம் வங்காளியுமாகப் பேசினார். பக்கங்களின் தோற்றத்தை அமைக்கிற பெண் வங்காளி. அவரைத் 'தாதா', அதாவது அண்ணா, என்று அழைத்தாள். கீழே தெருவிலுள்ள தென்னாட்டு மளிகைக் கடை ஒன்றின் தளத்தை அவர்கள் விரிவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தின் எலும்புக்கூட்டை டெம்ப்ளேட் என்கிறார்கள். விலையும் சரக்கின் பெயரும் வந்து உட்கார வேண்டிய இடங்களில் எழுதப்படுகிற சிறு கட்டளைகள் டேக்குகள். அவற்றின் தொகுதி டேக் லைப்ரரி. இவர்கள் உபயோகிக்கும் ஜாங்கோ என்ற ஃப்ரேம்வொர்க், அதாவது தளம் கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகம், அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்து லாரன்ஸ் என்னும் ஊரின் பத்திரிகைக் காரியாலயத்தில் பிறந்து, 2005-ல் உலகத்துக்குப் பொதுவானது. பக்கத்தை அலங்கரிப்பவர் புரோகிராமராக இருந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் கூடாது என்று கருதிய அதன் கர்த்தாக்கள், டெம்ப்ளேட் மொழியை வேண்டுமென்றே ஏழையாக வைத்தார்கள். அந்த ஏழ்மைதான் அன்றைய வாக்குவாதத்துக்கெல்லாம் மூலம்.

அந்தப் பெண் முதலில் கேட்டது, மொத்த வியாபாரக் கணக்கில் தொகைகளை லட்சம், கோடி என்ற நம் முறைப்படி காற்புள்ளியிட்டுக் காட்ட ஒரு புது டேக். அவர் சிரித்துக்கொண்டே செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து, மூன்று, இரண்டு, பூஜ்யம் என்று மூன்று எண்களைக் காட்டினார். வலக்கோடியில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாக என்பது அதன் பொருள், 1.11-ஆம் பதிப்பிலிருந்தே ஜாங்கோ இதை அறியும். இருப்பதைத் தேடாமல் இன்னொன்றைச் செய்வது எல்லாத் தொழிலிலும் உள்ள வியாதி. தள்ளுபடியைக் கணக்கிட ஒரு டேக் என்ற அடுத்த விண்ணப்பமும் நிற்கவில்லை. கணக்கு பைத்தான் மொழியில் எழுதும் நிரலில் இருக்கட்டும், பக்கத்துக்கு விடை மட்டும் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவதில்தான் விஷயம் சூடுபிடித்தது. அரிசி என்று தேடி, விலை வரிசையில் அடுக்கி, இரண்டாம் பக்கத்துக்குப் போகிற வாடிக்கையாளருடைய தேடலும் வரிசையும் முகவரியில் மறையாமல் நிற்க வேண்டும். பக்க எண் மட்டும் மாற வேண்டும். இதற்காக அவள் ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் ஏழெட்டு வரி திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள். "தாதா, இதற்காவது ஒரு டேக் போட்டுவிடலாமே" என்றாள்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "டேக் என்பது கல்கத்தாவின் பழைய வீடுகளில் குடியிருக்கும் வாடகைக்காரர் மாதிரி, சார், உள்ளே விட ஒரு நாள் போதும், வெளியே அனுப்ப ஒரு தலைமுறை ஆகும்" என்றார். அவர் ஜாவா என்ற நிரல் மொழியில் தொழில் கற்றவர். ஸ்ட்ரட்ஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கில் பீன், லாஜிக், ஹெச்டிஎம்எல் என்று டேக் தொகுதிகள் செழித்திருந்த காலம் அது. 2002-ல் ஜேஎஸ்டிஎல் என்ற பொதுத் தொகுதி வந்து, அவற்றில் பல செய்த வேலையைத் தானே செய்யத் தொடங்கியதும், புதிய பக்கங்களில் அதையே கையாளும்படி ஸ்ட்ரட்ஸ்காரர்களே உபதேசித்தார்கள். ஆயினும் பழைய டேக்குகளால் எழுதிய பக்கங்களோடு பல காரியாலயங்கள் வருஷக்கணக்காகக் காலம் தள்ளின. அந்த ஜேஎஸ்டிஎல்லும் தோஷமற்றதல்ல. பக்கத்திலிருந்தே நேராக டேட்டாபேஸைக் கேட்கும் டேக்குகளைச் சேர்த்துவிட்டு, பெரிய வேலைகளுக்கு இது தகாது என்ற எச்சரிக்கையையும் உடன் வைத்தார்கள். எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டிய ஒன்றை ஏன் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. 2022-ல் வந்த 3.0 பதிப்பிலும் அவை இருக்கின்றன.

ஜாங்கோவிலும் இதே கதை உண்டு. ஆதியில் அதன் இஃப் டேக்குக்கு இரண்டு மதிப்புகளை ஒப்பிடத் தெரியாது. அதற்கென இஃப்ஈக்வல், இஃப்நாட்ஈக்வல் என்று தனி டேக்குகள் இருந்தன. 2010-ல் வந்த 1.2 பதிப்பில் இஃப் தானே ஒப்பிடக் கற்றுக்கொண்டது. வேலையிழந்த அவ்விரண்டும் வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டது 2020-ல். வெளியேறியது 2021 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில்.

இவ்வளவையும் கேட்ட பிறகு பொறுமையே உத்தமம் என்ற முடிவுக்கு நானும் வந்திருப்பேன், அந்தப் பெண் தன் கட்சியைச் சொல்லாதிருந்தால். ஃப்ரேம்வொர்க் செய்பவர்கள் பொறுத்திருக்கும் காலமெல்லாம் ஏழெட்டு வரிகளை எழுதுவது யார் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. முகவரியின் தேடல் பகுதியை மாற்றித் தருகிற குவெரிஸ்ட்ரிங் டேக்கை ஜாங்கோ தன் தொகுதியில் சேர்த்துக்கொண்டது 2024 ஆகஸ்டில், 5.1 பதிப்பில். அதுவரை ஏறக்குறைய பத்தொன்பது வருஷம், எங்கெங்கோ இருந்த முகமறியாத தொழிலாளிகள் அதே வரிகளைத் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தார்கள். தாமதத்தின் செலவைத் தாமதிப்பவர் கொடுப்பதில்லை.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். டெம்ப்ளேட்டின் ஒரு துண்டுக்குப் பெயரிட்டு வேண்டிய இடத்தில் மீண்டும் கையாளும் வசதியைக் கார்ல்டன் கிப்ஸன் முதலில் தனிப் பொதியாகவே வெளியிட்டார். விரும்பியவர்கள் எடுத்துப் பழகி, குறைகள் தெரிந்து, வடிவம் தேறிய பிறகு, அது 2025 டிசம்பரில் 6.0 பதிப்பின் உள்ளே ஸ்தானம் பெற்றது. தனிப் பொதியில் தவறு நேர்ந்தால் எடுத்தெறிந்துவிடலாம். மூலத் தொகுதியில் அது சாத்தியமில்லை.

மேல்மாடியில் ஏற்பட்ட சமாதானமும் ஏறத்தாழ அதேதான். கடையின் தளம் இன்னும் 4.2 பதிப்பில் ஓடுகிறது. மாற்றச் சில மாதம் ஆகும். ஆகவே தங்கள் சொந்தத் தொகுதியில் ஒரு டேக் எழுதிக்கொள்வது, ஆனால் பெயரும் பிரயோகமும் 5.1-ல் உள்ளபடியே அட்சரம் பிசகாமல் இருப்பது என்று தீர்மானித்தார்கள். பதிப்பு மாறும் நாளில் டெம்ப்ளேட்டின் தலையில் தொகுதியை வரவழைக்கும் லோடு வரியையும் இந்தக் கோப்பையும் நீக்கினால் போதும். வேறெதையும் தொட வேண்டாம். அவள் கோப்பின் முதல் வரியாக, 5.1-க்கு மாறியவுடன் இதை அழிக்கவும் என்று குறிப்பெழுதினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, யார் அழிப்பது என்பதையும் எழுது என்றார்.