மறுதொடக்கமா, மனந்திரும்புதலா?



நம் ஆலய அலுவலகத்துக் கணினி சில வாரங்களாகத் தானாகவே அணைந்து, தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கிக்கொண்டிருந்தது. ஆராதனை ஒழுங்கைத் தட்டச்சு செய்கையில் பாதியிலே திரை இருண்டுவிடும். சற்று நேரத்தில் ஒன்றுமே நிகழாததுபோல முகப்புத்திரை ஒளிரும்.

அதைப் பார்க்க வந்த சபை வாலிபர் ஒருவர் முதலில் பெட்டியைத் திறக்கவில்லை. கோளாறு நேர்ந்தால் தானாக மறுதொடக்கம் செய்யும்படி விண்டோஸில் ஒரு தெரிவு முன்னரே இடப்பட்டிருக்கும். அதை நீக்கினார். "இது இருக்கும்வரை நீலத்திரையில் வரும் பிழைக்குறியைப் படிக்க நேரம் கிடைக்காது, ஐயா" என்றார். அடுத்தமுறை நீலத்திரை மறையாமல் நின்றது. பிழைக்குறி நினைவகத்தைச் சுட்டியது. உள்ளிருந்த இரண்டு ரேம்களில் ஒன்றைக் கழற்றி ஓட்டினார். பின்பு மற்றொன்றைக் கழற்றி ஓட்டினார். பழுதானது எதுவென்று அப்பொழுது வெளிப்பட்டது.

அன்பானவர்களே, விரைந்து எழுந்துகொள்வதே சில வேளைகளில் விழுந்த காரணத்தை மறைத்துவிடுகிறது. ஞாயிறு திருவிருந்தில் கண்ணீர் வடிக்கிறோம். புதன்கிழமை அதே கோபம், அதே மதுக்கோப்பை, அதே பொய். அடுத்த ஞாயிறு மறுபடியும் புதிதாய்த் தொடங்குகிறோம். இதற்கிடையில் நம் வீட்டார் ஒவ்வொரு முறையும் சிறிதளவு நம்பிக்கையை இழக்கிறார்கள்.

ஆயி பட்டணத்தின்முன் இஸ்ரவேல் முறிந்தோடியபோது 36 பேர் மாண்டார்கள். யோசுவா சாயங்காலம்வரை பெட்டிக்குமுன் முகங்குப்புற விழுந்துகிடந்தார். கர்த்தரோ அவரை எழுந்திருக்கச் சொல்லி, மறைந்திருப்பதைத் தேடும்படி கட்டளையிட்டார். கோத்திரம், வம்சம், வீடு, ஆள் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தபின்னரே ஆகானின் கூடாரத்தில் புதைந்திருந்தது வெளிப்பட்டது. அழுகை அங்கே போதுமானதாயிருக்கவில்லை.

ஆயினும் ஒரு எச்சரிப்பு. எல்லா வீழ்ச்சிக்கும் ஒளித்துவைத்த பாவமே காரணமென்று ஒருவரையும் குற்றப்படுத்தாதிருப்போமாக. சில கணினிகளில் எந்தப் பாகமும் பழுதாயிராது. விசிறியில் தூசி அடைத்து, வெப்பம் மிகுந்திருக்கும். சூரைச்செடியின்கீழ் சாவை விரும்பிப் படுத்த எலியாவைத் தேவன் முதலாவது கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டார். உங்கள் எரிச்சலுக்குக் காரணம் பல மாத ஓய்வின்மையாகவும் இருக்கலாம்; நோயுற்றவரை இரவெல்லாம் பார்த்துக்கொள்ளும் களைப்பாகவும் இருக்கலாம்.

ஆகையால் இந்த வாரம் விழ நேர்ந்தால், உடனே எழுந்து ஓடிவிடாதிருங்கள். தேவசமுகத்தில் சற்றே தரித்து, விழுமுன் நிகழ்ந்தது என்னவென்று அவரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் நம்பத்தகுந்த ஒருவரிடம் சொல்லுங்கள். ஆகானின் காரியம் முடிந்த ஆகோர் பள்ளத்தாக்கை நம்பிக்கையின் வாசலாக மாற்றுவதாக ஓசியாவின் மூலம் வாக்களித்தவர், உங்கள் காரணத்தைக் கண்டு அருவருத்து விலகுகிறவரல்லர்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் பார்க்க அஞ்சுவதை உமது வெளிச்சத்தில் காண்பித்து, வேரிலிருந்து எங்களைக் குணமாக்கும். ஆமென்.