கொள்ளையர் கப்பலில் இரண்டு மணி நேரம்



வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்களில் பலர் கோடை விடுமுறைக்குத் துருக்கியின் தென்கரையைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியுள்ளனர். ஐந்து வேளையும் பாங்கொலி கேட்கும் ஊர். ஹலால் உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குக் கடல் இருக்கிறது. அந்தாலியா, அலன்யா ஆகிய துறைமுகங்களுக்குச் சென்றவுடன் பிள்ளைகளின் கண்ணில் முதலில் படுவது கடற்கொள்ளையர் கப்பல்தான். இரண்டு மூன்று தட்டுகள் கொண்ட மரக்கப்பல். முகப்பில் செதுக்கிய உருவம். பாய்மரத்தின் உச்சியில் மண்டையோட்டுக் கொடி. ஏறும் பிள்ளைகளுக்குத் தலைத்துணியும் கறுப்புக் கண்மறைப்பும் மரவாளும் தருகிறார்கள். "இதில் பிள்ளைகளை ஏற்றலாமா?" என்று நாம் பணிபுரியும் நிஸ்வான் மத்ரஸாவின் தாய்மார்கள் இருவர் வெவ்வேறு நாள்களில் கேட்டனர். துபாயில் இருக்கும் தம்பி அழைத்ததன் பேரில் சென்ற ஆண்டு அலன்யாவுக்குச் சென்று அப்படியொரு கப்பலில் ஏறி வந்தவர்கள் என்பதால், அவர்களுக்குச் சொன்னதைச் சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறோம்.

முதலில் கப்பலைத் தேர்ந்தெடுத்த கதை. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பெரிய கப்பல்களில் மதுவும் உண்டு, காதைப் பிளக்கும் இசையும் உண்டு, நடுத்தட்டில் சோப்பு நுரையைப் பீய்ச்சி அதில் ஆடும் கூத்தும் உண்டு. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதைத் தடுக்கும் நபிமொழியை அறிந்தவர்கள், "பிள்ளைகளுக்காகத்தானே" என்று அதில் ஏறுவது நமக்குச் சரியாகப் படவில்லை. எம் கணவர் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். நான்காவதாகக் கிடைத்தது ஒரு சிறிய கப்பல். காலை பத்தரைக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டரைக்குத் திரும்பும், குடும்பங்கள் மட்டும், தேநீரும் பழரசமும்தான். இசையைக் குறைக்கச் சொன்னால் குறைப்பதாக முதிய கப்பலோட்டி ஒப்புக்கொண்டார், சொன்னபடியே குறைத்தார்.

ஆனால் இசையைப் பற்றிக் கேட்பதற்கு முன் உயிர்காப்பு உடையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது எம் உறுதியான கருத்து. நம் மக்கள் முதல் கேள்வியை மறவாமல் கேட்கிறார்கள், இரண்டாவதைக் கேட்பதேயில்லை. எங்கள் கடைக்குட்டிக்கு ஐந்து வயது, தம்பி மகளுக்கு ஏழு. பெரியவர்களின் உடையை அவர்களுக்கு அணிவித்தால் நீரில் விழுந்த நொடியில் உடை மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். சிறுவர் அளவில் இரண்டு கொண்டுவந்து, இடுப்பு வாரையும் தொடையிடை வாரையும் இறுக்கிக் காட்டிய பிறகே பணம் கொடுத்தோம். தடுப்புச் சுவரில்லாத மாடியில் உறங்குவதையும், கொந்தளிக்கும் கடலில் பயணம் செய்வதையும் சேர்த்து எச்சரிக்கும் நபிமொழி ஒன்று இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதில் இடம்பெற்றுள்ளது. உயிரைப் பேணுவதும் மார்க்கம்தான்.

அலன்யாவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். விளையாட்டுக் கொள்ளையர் கப்பல்கள் மிதக்கும் அந்தத் துறையில் மெய்யான கொள்ளையர் வாழ்ந்திருக்கிறார்கள். அதன் பழைய பெயர் கொரகேசியம். ரோமானியர் காலத்தில் மத்தியதரைக் கடலையே நடுங்க வைத்த சிலிசியக் கொள்ளையரின் கோட்டை அது. கி.மு. 67இல் பாம்பே என்னும் ரோமானியத் தளபதி அவர்களை அந்த ஊரின் கடலிலேயே முறியடித்தான். சரணடைந்தோரில் பெரும்பாலோரைக் கொல்லாமல், கடலைவிட்டு விலக்கி, நிலம் கொடுத்துக் குடியமர்த்தினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பின்னர் 1221இல் சல்ஜூக் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் ஊரைக் கைப்பற்றித் தம் பெயரை அதற்கு இட்டார். அவர் 1226இல் எழுப்பிய எண்கோணச் செங்கோபுரமும், 1228இல் கட்டிய ஐந்து வளைவுகள் கொண்ட கப்பல் கட்டும் தளமும் இன்றும் நீர்விளிம்பில் நிற்கின்றன. கப்பல் அந்த வளைவுகளை ஒட்டிச் செல்லும்போது பிள்ளைகள் மரவாளை மறந்து வாய்பிளந்து பார்த்தனர். பயணி இப்னு பதூதா, சிரியாவின் லாதிகிய்யாவில் ஜெனோவாக்காரரின் கப்பலில் ஏறி இத்துறையில்தான் வந்திறங்கினார். இங்கிருந்து அலெக்சாந்திரியாவுக்கு மரம் ஏற்றுமதியானதை அவர் குறித்திருக்கிறார். பிற்காலத்தில் நம் மஅபர் கரையைவிட்டுப் புறப்பட்ட அவரை இந்தியாவின் மேற்குக் கடலில் கொள்ளையர் மறித்து, உடுத்திய கால்சட்டை ஒன்றைத் தவிர அனைத்தையும் பறித்துக்கொண்டனர். இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர் உடனிருந்தார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

கப்பல் நகர்ந்ததும் வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவையும், சூரா ஹூதின் நாற்பத்தொன்றாம் வசனத்தில் நூஹ் (அலை) அவர்கள் கப்பலில் ஏறியபோது சொன்னதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். மத்ரஸாவில் எத்தனையோ முறை மனனம் செய்ததுதான். காலுக்குக் கீழே பலகை அசையும்போது ஓதுவது வேறு. சின்னவன் எம் கையை இறுகப் பற்றிக்கொண்டு ஓதினான்.

வேடம் அணிவிக்கலாமா என்பதே தாய்மார்கள் கேட்ட கேள்வியின் மையம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களிடையே துணியால் இறக்கை கட்டிய குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இருந்ததே என்று அவர் பதில் சொல்ல, நபியவர்கள் மனம்விட்டுச் சிரித்தார்கள். அபூதாவூதில் உள்ள இச்செய்தியை நினைவில் வைத்திருப்பவர்களுக்குப் பிள்ளைகளின் கற்பனையைக் கண்டு முகம் சுளிக்கத் தோன்றாது. நாங்கள் தலைத்துணியையும் கண்மறைப்பையும் அனுமதித்தோம். மண்டையோட்டுப் படம் போட்ட சட்டையை மட்டும் வேண்டாமென்றோம்.

பிள்ளைகளுக்கு வேடம் பொருந்திவிட்டது. புதையல் தேடும் விளையாட்டு முடிந்ததும் சின்னவன் மரவாளை நீட்டியபடி மேல்தட்டுக்கு ஓடிவந்தான். அங்கே விசிப்பலகையில் அமர்ந்திருந்தவர் எம் தாய்மாமா. "நன்னா! இருக்கறதையெல்லாம் குடு!" என்று அவர் மார்பில் வாளை வைத்தான்.

பெரியவர்கள் யாரும் பேசவில்லை. தம்பியின் கையிலிருந்த தேநீர்க் குவளை பாதி வழியில் நின்றது. அதற்கான காரணம் பிள்ளைகளுக்குத் தெரியாது. மாமா சரக்குக் கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையற்காரராக, முப்பதாண்டு உழைத்தவர். 2010இல் அவர் சென்ற கப்பலைச் சோமாலியக் கடலில் கொள்ளையர் கைப்பற்றினர். எட்டு மாதம் அவர் அவர்களிடம் இருந்தார். அந்த எட்டு மாதமும் மாமி தொலைபேசி மணி அடித்தால் நடுங்குவார், அடிக்காவிட்டாலும் நடுங்குவார். ஊரில் ஒவ்வொரு ஜும்ஆவிலும் துஆ கேட்கப்பட்டது. விடுதலையாகி வந்தவர் அதைப்பற்றி வீட்டில் பேசியதே இல்லை.

மாமா இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தினார். பின்னர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சின்னவனிடம் கொடுத்தார். "எடுத்துக்குங்க வாப்பா. சுடாதீங்க" என்றார். சின்னவன் வெற்றிக் களிப்பில் குதித்தான். தம்பி மகளுக்கு மட்டும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். அருகில் வந்து, "நன்னா, நெஜக் கொள்ளக்காரங்கள நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்திருக்கேன்."

"அவங்க கண்ணுல இது கட்டியிருந்தாங்களா?"

"இல்லம்மா. கால்ல செருப்புகூட இல்ல."

அதன்பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். பேச்சை மாற்றவேண்டுமோ என்று தம்பி எம்மைப் பார்த்தான், வேண்டாமெனத் தலையசைத்தோம். பதினைந்தாண்டுகளாகத் திறக்காத வாய், ஒரு குழந்தையிடம் திறந்தது. குடிதண்ணீரை அளந்து குடித்ததைச் சொன்னார். கரையிலிருந்து உயிருள்ள ஆடுகளை ஏற்றிவந்து, அவரைச் சமைக்கச் சொன்னதைச் சொன்னார். காத் இலையை மென்றபடி இரவெல்லாம் விழித்திருப்பார்களாம். கப்பல் முதலாளி பணம் தரச் சுணங்கியபோது, மாலுமிகளை வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அழச்சொல்வார்களாம். கடைசியில் ஒரு சிறு விமானம் வந்து பணப்பெட்டியைக் கடலில் இறக்கிச் சென்றதாம். பிள்ளைகளுக்கு ஏற்ற அளவில் சொன்னார். சிலவற்றை விட்டுவிட்டார் என்பது எங்களுக்குப் புரிந்தது.

"அவங்க முஸ்லிமா நன்னா?"

இக்கேள்விக்கு நாமாக இருந்தால் சுற்றிவளைத்திருப்போம். மாமா சுற்றிவளைக்கவில்லை. "ஆமாம்மா. தொழுவாங்க. துப்பாக்கிய ஸஃப்புக்குப் பக்கத்துல வச்சிட்டுத் தொழுவாங்க. தொழுதுட்டு மறுபடி எடுத்துக்குவாங்க" என்றார்.

பிள்ளைகள் மீன் பார்க்கக் கீழே ஓடியபின் எம்மிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் ஒன்றைக் கேட்டார். அவருடைய ஓதல் நன்றாயிருக்கிறதென்று அவரையே இமாமாக நிற்கச் சொன்னார்களாம். மறுக்க வழியில்லை. எட்டு மாதமும் பல வேளைகளில் கொள்ளையருக்கு முன்னின்று தொழவைத்திருக்கிறார். பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் எப்போதும் அவருக்கு நேர் பின்னால் நிற்பானாம். "நீ ஓதிக் கொடுக்கறவ. சொல்லு. அந்தத் தொழுகையெல்லாம் கூடிச்சா?"

நாம் அறிந்ததைச் சொன்னோம். அவரைப் பொறுத்தவரை ஐயமே இல்லை; சிறைப்பட்டவர், நிர்ப்பந்திக்கப்பட்டவர், தம் கடமையை நிறைவேற்றியவர். பின்னால் நிற்பவர் பாவியாக இருப்பதால் இமாமின் தொழுகைக்குக் குறையேதும் வராது. அவர்களின் தொழுகையைப் பொறுத்தவரை, பறிக்கப்பட்ட இடத்தில் தொழுவது பற்றிய பழைய சட்டப் பிரச்சினை அது. பறித்தவனின் தொழுகை செல்லும், பறித்த பாவமும் அவன்மீது இருக்கும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி உள்ளிட்ட பெரும்பான்மையோரின் கருத்து. செல்லவே செல்லாது என்பது ஹன்பலி மத்ஹபில் பிரபலமான கருத்து. கடலிலும் தரையிலும் வழிமறித்துப் பறிப்பதைச் சூரா மாயிதாவின் முப்பத்து மூன்றாம் வசனம் எத்தனை கடுமையாகப் பேசுகிறது என்பதை மாமாவும் அறிவார். அதற்கு அடுத்த வசனம், பிடிபடுவதற்கு முன் தவ்பா செய்தவர்களுக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. பறித்த பொருளை உரியவரிடம் ஒப்படைக்கும் கடன் அப்போதும் தீராது என்று ஃபுகஹாக்கள் கூறுவர்.

மாமா நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பய தவ்பா செஞ்சிருப்பானா?" என்றார். பிறகு, "நான் அவனுக்கு துஆ கேக்குறேன். மாமிகிட்ட சொல்லாத, கோவிச்சுக்கும்" என்றார். மாமி கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். அந்த எட்டு மாதத்தில் அவருக்கு முடி முழுவதும் நரைத்தது.

கப்பல் கொள்ளையர் குகை என்று பெயர்பெற்ற பாறைக் குடைவின் வாயில் சற்று நின்றது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் வெறும் நீல நீர்தான். அந்நீருக்கு அப்பால் சைப்ரஸ் தீவு. கடலில் அரியணை மேல் மன்னர்கள் போலச் செல்லும் தம் உம்மத்தாரைக் கனவில் கண்டதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, "அவர்களில் என்னையும் சேர்க்க துஆச் செய்யுங்கள்" என்று கேட்ட உம்மு ஹராம் (ரலி) அவர்கள் அத்தீவில்தான் அடங்கியிருக்கிறார்கள். பெண்மக்களுக்குப் பாடம் நடத்தும் நமக்கு அத்திசையைப் பார்த்தவுடன் நெஞ்சம் நிறைந்தது. இதைத் தம்பி மகளிடம் சொன்னோம். அவளுக்கோ கொள்ளையர் நினைவே விடவில்லை.

ஆகவே அவளுக்கு ஏற்ற கதையையே எடுத்தோம். சூரா கஹ்ஃபில் வரும் படகு. ஏழைகள் சிலர் அதைக்கொண்டு கடலில் பிழைத்து வந்தனர். நல்ல படகுகளையெல்லாம் வலிந்து பறிக்கும் அரசன் ஒருவன் அவர்களுக்குப் பின்னால் இருந்தான். அவன் பறிக்காதிருக்கவே கிழ்ர் (அலை) அவர்கள் அதில் பழுதை உண்டாக்கினார்கள். மூஸா (அலை) அவர்கள் பொறுக்க முடியாமல் ஏன் என்று கேட்டார்கள். கதையில் கொள்ளைக்காரன் கிரீடம் அணிந்தவன் என்பதைக் கேட்டுச் சின்னவன் தன் கண்மறைப்பைக் கழற்றிப் பார்த்தான். வாளை மட்டும் விடவில்லை.

தம்பி மகள் சிறிது யோசித்தாள். "அந்தப் படக அப்புறம் யாரு சரிபண்ணிக் குடுத்தா?"

மத்ரஸாவில் இத்தனை ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்துகிறோம். இக்கேள்வியை எந்த மாணவியும் கேட்டதில்லை. நாம் பதில் தேடிக்கொண்டிருக்கையில் மாமாவே சொன்னார்: "அவங்களேதாம்மா. கடல்ல பொழைக்கிறவனுக்குப் பலகை தைக்கத் தெரியும்."

சின்னவனிடமிருந்து கடிகாரத்தை அவர் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டார். கப்பல் கரையை அடைந்தபோது ளுஹருக்கு அரைமணி நேரம் இருந்தது. பிள்ளைகளுக்கு உளூச் செய்ய வைத்து, துறைமுகத்தை அடுத்த பள்ளிவாசலுக்கு நடந்தோம்.