லக்சா ஜொகூரும் அண்ணியின் கோதுமை விரதமும்

மலேசியாவில் மாநிலத்துக்கு ஒரு லக்சா உண்டு. பினாங்கில் புளிப்பும் காரமும் தூக்கலாக இருக்கும். சரவாக்கில் இறால் வாசம். கிளந்தானில் வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பால். ஆனால் பெரும்பாலான இடங்களில் அடியில் கிடப்பது அரிசி மாவில் செய்த நூடுல்ஸ்தான். ஜொகூர் மட்டும் பிடிவாதமாக ஸ்பகெட்டி போடுகிறது. பேரங்காடியில் நீள பாக்கெட்டில் விற்கிறார்களே, அதே ஸ்பகெட்டி.

இதற்குக் காரணம் சுல்தான் அபு பாக்கார் என்று ஜொகூர்க்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார். 1862இல் ஆட்சிக்கு வந்து, 1885இல் சுல்தான் பட்டம் சூடி, 1895இல் லண்டனில் காலமானவர். ஐரோப்பாவுக்குப் பலமுறை கப்பலேறிய மனிதர். இத்தாலியில் ஸ்பகெட்டி போலோனீஸ் சாப்பிட்டுச் சொக்கிப்போய், ஊர் திரும்பியதும் அரண்மனைச் சமையற்காரர்களிடம் லக்சாவில் இதைப் போடுங்கள் என்றாராம். கதையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. போலோன்யா ஊர்க்காரர்கள் தங்கள் இறைச்சிக் குழம்பை ஸ்பகெட்டியில் ஊற்றவே மாட்டார்கள். தாலியாதெல்லே என்ற தட்டை நாடாதான் அவர்களுக்கு அதன் ஜோடி. 1982இல் அந்தக் குழம்பின் செய்முறையை உள்ளூர் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்துவிட்டார்கள். சுல்தான் எந்த ஊரில் என்ன சாப்பிட்டாரோ, நமக்குக் கிடைத்தது நல்ல சாப்பாடு. அதற்கு மேல் துருவுவானேன்?

பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா, நோன்புப் பெருநாளுக்கு லக்சா வைப்பார். முதல் நாளே வேலை ஆரம்பித்துவிடும். பாராங் மீனை, தமிழ்நாட்டில் முள்ளுவாளை என்பார்களே அதை, வேகவைத்து முள் பொறுக்குவதற்கே தனிப் பொறுமை வேண்டும். அந்த மீனில் முள்ளுக்கு நடுவேதான் சதை. காய்ந்த இறால், செரை, லெங்குவாஸ், வெங்காயம், மிளகாய் எல்லாம் சேர்த்து அரைத்த விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, மீன் கறித் தூளைக் கொட்டுவார். அந்த மணம் வேலி தாண்டி வரும்போது மலாய் வீட்டுச் சமையலா தமிழ் வீட்டுச் சமையலா என்று சொல்லவே முடியாது. பிறகு தேங்காய்ப்பால், புளிப்புக்கு அசாம் கெப்பிங், கெரிசிக். கெரிசிக் என்பது தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து எண்ணெய் விடும்வரை இடித்தது. நம் வறுத்தரைத்த குழம்புக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. குழம்பு கரண்டியில் தங்கி மெதுவாக வழியும் பதத்துக்கு வரவேண்டும்.

ஸ்பகெட்டி வெந்ததும் சூடு ஆறுவதற்குள் விரல்களில் சுற்றிச் சுற்றிச் சின்னக் கூடுகளாகத் தட்டில் அடுக்குவார். மேலே வெள்ளரி, வெங்காயம், தவுகே, கெசும் இலை, உப்பு முள்ளங்கி, ஓரத்தில் சம்பால் பெலாச்சான், பிழிவதற்கு லீமாவ் கஸ்தூரி. சாப்பிடுவது கையால். முள்கரண்டியில் ஸ்பகெட்டி சுற்றத் தெரியாமல் ஓட்டலில் தவிக்கிறவர்கள் ஜொகூருக்கு வந்தால் தலைநிமிர்ந்து சாப்பிடலாம்.

எனக்குப் பிடித்த பாஸ்தாக்களில் இதற்குத்தான் முதலிடம். அடுத்தது மக்ரோனி கோரெங். டின் சார்டினும் சம்பாலும் போட்டுப் பிரட்டினால் மழை நாளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மூன்றாவது ஆக்லியோ ஒலியோ. பூண்டும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் பொரியும்போது தமிழ் நாக்கு அதை அந்நியமாக நினைப்பதே இல்லை. கார்போனாராவைச் சேர்க்கமாட்டேன். இங்குள்ள கஃபேக்களில் பாற்கடலில் மிதக்கவிட்டுத் தருகிறார்கள். ரோமில் கிரீம் போடாத பதார்த்தம் அது, முட்டையும் பாலாடைக்கட்டியும்தான் அதைக் குழைப்பது. சேமியாவையும் பாஸ்தா கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி. பாயசத்தில் போட்டதால் அது தமிழ் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில்தான் அண்ணி கோதுமையை விடப்போவதாக அறிவித்தார். கைபேசியில் வரும் காணொளிகளின் உபயம். கோதுமை வயிற்றைக் கெடுக்கும், மூட்டைப் பிடிக்கும், இனிப்பு நீரைக் கொண்டுவரும், நம் முன்னோர் சாப்பிடாதது என்று வரிசையாகச் சொன்னார். அண்ணிக்குச் சாப்பிட்டதும் வயிறு உப்புவது நிஜம். வீட்டில் இனிப்பு நீர் இருப்பதும் நிஜம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னணி. ஆகவே அண்ணியின் கவலையைச் சிரித்துத் தள்ள முடியாது.

ஆனால் கோதுமையை விட்டுவிட்டு அண்ணி கையை நீட்டியது சோற்றுப் பக்கம். அங்கேதான் எனக்கு இடித்தது. ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று பார்க்கும் கிளைசிமிக் குறியீட்டில் வெள்ளைச் சோறு 70ஐத் தாண்டி நிற்கிறது, வெள்ளை ரொட்டியும் அப்படித்தான். ஸ்பகெட்டியோ 50க்குப் பக்கத்தில். காரணம் அதைச் செய்யும் விதம். துரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையைப் பிசைந்து அழுத்தித் துளை வழியே பிழியும்போது, புரதம் வலையாகப் பின்னி மாவுச்சத்தைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. செரிமான நீர் உள்ளே போக நேரமாகிறது. குழைய வேகவைத்தால் இந்தச் சாதகம் குறையும். கோதுமை உணவுகளைக் கூண்டில் ஏற்றினால் சாதுவான குற்றவாளி ஸ்பகெட்டிதான். ரொட்டி சானாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. வெள்ளை மைதா, அதில் மார்ஜரின், பிசையும்போதே கெட்டிப்பால், தொட்டுக்கொள்ளச் சீனி, பக்கத்தில் தே தாரிக். இத்தனையும் சேர்ந்து செய்கிற வேலைக்குக் கோதுமையை மட்டும் பிடித்து உள்ளே போடுவது நியாயமா?

முன்னோர் சாப்பிடாதது என்பதும் பாதிதான் சரி. மலேசியாவில் கோதுமை விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருவது. ஆனால் போருக்கு முன் தோட்டத்து லயங்களில் பொங்கிய அரிசியும் பெரும்பாலும் ரங்கூனிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்ததுதான். 1942இல் ஜப்பான்காரன் வந்து கப்பல் நின்றபோது மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு கிழங்கைத் தட்டில் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். போர் முடிந்து கப்பல் மறுபடி ஓடியபின், தோட்டத்துத் தாய்மார்களுக்குக் கோதுமை மாவு கை கொடுத்தது. இரவு மீந்த சம்பாலோடு காலையில் தடித்த ரொட்டியோ கரைத்து ஊற்றிய கோதுமைத் தோசையோ பசியாறக் கிடைக்கும். இன்றும் ஒரு கிலோ சாதா மாவு விலைக் கட்டுப்பாட்டில் 1 வெள்ளி 35 காசுக்கு விற்கிறது. ஏழை வீட்டாரை அதை விடச் சொல்கிற காணொளிக்காரர், பதிலுக்கு என்ன வாங்குவது என்று விலையோடு சொல்வதில்லை.

கோதுமையை நிஜமாகவே விடவேண்டியவர்கள் உண்டு. சீலியக் நோய் உள்ளவர்களுக்கு, கோதுமையில் இருக்கும் குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரையே சிதைத்துவிடும். இந்த நோயைக் கிளப்புவது கோதுமை என்று கண்டுபிடித்துச் சொன்னவர் வில்லம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே வாடியபோது, அவரிடம் இருந்த சீலியக் குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தன. 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார்.

நம் ரத்தத்துக்கு இந்த நோய் வருமா? இந்தியாவில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு வடக்கில் 1.23 விழுக்காட்டினருக்கும் தெற்கில் 0.10 விழுக்காட்டினருக்கும் சீலியக் இருப்பதாகக் காட்டியது. தெற்கின் கணக்கு வேலூரில் எடுத்தது. நோய்க்கு வழிவிடும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. தட்டில் விழும் கோதுமையின் அளவில்தான் பெரிய வேறுபாடு. இதைப் படித்ததும் என் வாதத்தில் கொஞ்சம் காற்று இறங்கியது. ஜொகூர்த் தமிழரின் உடம்பு தெற்கத்தி உடம்பு, சரி. ஆனால் காலையில் ரொட்டி சானாய், மதியம் மீ கோரெங், மாலையில் வாழைப்பழக் கேக் என்று போகிற தட்டு தெற்கத்தித் தட்டு இல்லை. எனவே அண்ணியின் வயிற்றைக் காற்று என்று ஓமத் தண்ணீரோடு முடித்துவிடவும் மனம் வரவில்லை.

அண்ணியோ அதற்குள் செயலில் இறங்கிவிட்டார். சோளமும் அரிசியும் கலந்த குளூட்டன் இல்லாத ஸ்பகெட்டி வாங்கி வந்தார், சாதா ஸ்பகெட்டியைப்போலப் பல மடங்கு விலை. அதை மக்சிக்கிடம் கொடுத்து, பெருநாளைக்குத் தனக்கு மட்டும் இதில் கூடு சுற்றித் தரச் சொன்னார். மக்சிக் வேகவைத்து விரலில் எடுத்தார். நூல் நூலாக அறுந்து விழுந்தது. இழுத்தால் வளைந்துகொடுக்கும் அந்தப் பசைதானே குளூட்டன், அது இல்லாமல் எதைச் சுற்றுவது? மூன்றாம் முறையும் அறுந்ததும் கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, மேலே இரண்டு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றி, ஒரு தேக்கரண்டியைச் செருகிக் கொடுத்தார். "இது லக்சா இல்லை, கஞ்சி" என்று மலாயில் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

விடுவதாக இருந்தால் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு விடுங்கள் என்றேன். இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. சீலியக்குக்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்பில்தான் சரியாகக் காட்டும். முன்கூட்டியே விட்டுவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தாலும் இல்லை என்றே வரும். ஆறு வாரமாவது தினமும் கோதுமை உள்ளே போயிருக்கவேண்டும் என்பார்கள். அண்ணி நம்பவில்லை. கிளினிக்குக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை கைபேசியில் அழைத்தார். பின்னால் தோசைக்கல்லில் ரொட்டி அடிக்கும் சத்தம்.

"தம்பி, டாக்டரே சாப்பிடச் சொல்லிட்டாரு. ஆறு வாரம். உங்களுக்கும் ஒண்ணு கட்டி வாங்கிட்டு வரட்டா?"