அந்தப் படத்தில் அம்மா யார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

பல வருஷமாக நம் குழுக்களில் ஒரு படம் சுற்றி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு மான் நிமிர்ந்து நிற்கிறது. சுற்றிலும் சிவிங்கிப்புலிகள். ஒன்று அதன் கழுத்தைக் கவ்வியிருக்கிறது. மானோ கலங்காமல் எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு கதை: இரண்டு குட்டிகள் தப்பி ஓடட்டும் என்று தாய் மான் தன்னையே கொடுத்துவிட்டது, கடைசி மூச்சு வரை குட்டிகள் ஓடுவதையே பார்த்தது, இதைப் படம் எடுத்தவர் மன அழுத்தத்தில் விழுந்துவிட்டார். முடிவில் நான்கு அழுகிற முகம், இரண்டு கும்பிடுகிற கை.

கதை பொய். படம் உண்மை.

கென்யாவின் மசாய் மாராவில் 2013-இல் எடுத்த படம் அது. எடுத்தவர் அலிசன் புட்டிஜெஜ் என்ற பெண்மணி. 2017-இல் இந்தக் கதையோடு படம் உலகம் சுற்றியபோது, "உங்களுக்கு மன அழுத்தமாமே, இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவருக்கே செய்திகள் வந்து குவிந்தன. அவர் தன் பக்கத்தில் நடந்ததை எழுதினார். அங்கே இருந்தது ஒரு தாய் சிவிங்கிப்புலியும் அதன் வளர்ந்த குட்டிகளும். இம்பாலா என்னும் அந்த மானைத் தாய் பிடித்தது. ஆனால் உடனே கொல்லவில்லை. எப்படிக் கொல்வது என்று குட்டிகள் பழகட்டும் என்று விட்டுக் கொடுத்தது. குட்டிகளுக்கோ இன்னும் கை வரவில்லை. விளையாடிக்கொண்டிருந்தன. மான் கலங்காமல் நின்றது தியாகத்தால் அல்ல, அதிர்ச்சியில் உறைந்துபோனதால்.

ஆக, அந்தப் படத்தில் ஒரு அம்மா இருக்கத்தான் செய்கிறாள். நாம்தான் ஆளை மாற்றிப் பார்த்துவிட்டோம். அம்மா மான் அல்ல. கழுத்தைக் கவ்விக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறதே, அதுதான் அம்மா.

(சிவிங்கிப்புலி வேறு, சிறுத்தை வேறு. நமது ஆனைமலையில் இருப்பது சிறுத்தை. 2022-இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்குக் கொண்டுவந்தார்களே, அதுதான் சிவிங்கிப்புலி. கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்தது போலக் கறுப்புக் கோடு இருக்கும்.)

ஒரு சிவிங்கிப்புலிக் குட்டி ஏறக்குறைய ஒன்றரை வருஷம் தாயோடு இருக்கும். ஓடக் கற்றுக்கொள்வது சுலபம். பிடித்ததை எங்கே கவ்வ வேண்டும் என்பது சுலபமல்ல. அதனால் தாய், பிடித்த இரையை உயிரோடு கொண்டுவந்து குட்டிகள் முன்னால் விடும். தப்பி ஓடினால் மறுபடி பிடித்துக் கொடுக்கும். ஆசிரியப் பயிற்சியில் 'செய்து கற்றல்' என்று எங்களுக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மானின் பக்கமிருந்து பார்த்தால் கொடூரம். குட்டியின் பக்கமிருந்து பார்த்தால் சோறு. படம் ஒன்றுதான்.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நோட்டில் நடுவில் கோடு போடச் சொல்வேன். இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நினைத்தது'. முளைவிட்ட பயறிலிருந்து தவளை முட்டை வரை எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு பத்திதான். "செடி சந்தோஷமாக இருக்கிறது" என்று இடது பக்கத்தில் எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து வலது பக்கம் தள்ளிவிடுவேன். நினைப்பது தப்பு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எது எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஒரு படத்துக்கு எதற்கு டீச்சர் இவ்வளவு?" என்று கேட்பீர்கள். குடும்பக் குழுவில் என் அண்ணன் மகளும் அதைத்தான் கேட்டாள். "அத்தை, கதை பொய்யாவே இருக்கட்டும். நல்ல விஷயம்தானே சொல்லுது?" என்றாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அது என்னுடையது அல்ல. கேட்டு அனுமதி வாங்கிய பிறகே எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண். பேர் வேண்டாம். பிறந்த பதினோராவது நாளில் குழந்தையைப் பறிகொடுத்தவள். இந்தப் படம் அவளுக்கும் வந்திருக்கிறது, 'இதுதான் தாய்மை' என்ற தலைப்போடு. அன்று ராத்திரி எனக்கு எழுதினாள்: "டீச்சர், ஒரு மான்கூட உசுரக் குடுத்துக் குட்டியக் காப்பாத்திருச்சு. என்னால முடியலையே."

காலையில் கூப்பிட்டுப் பேசினேன். மேலே உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். "அப்ப அந்த மானுக்குக் குட்டியே இல்லீங்களா?" என்று கேட்டாள். "படத்துல இல்ல சாமி" என்றேன். "பொய்யா டீச்சர்?" என்று இரண்டு தரம் கேட்டாள். சிவிங்கிப்புலி வந்தால் மான் ஓடத்தான் செய்யும், தாய் செத்துப்போனால் பாலில்லாமல் குட்டியும் பிழைக்காது, தாய் உயிரோடு இருப்பதும் பிள்ளைக்காகத்தான் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பிறகு அவளுக்கு ஒரு குரங்கைப் பற்றிச் சொன்னேன். ஆழியாறு பக்கம் நான் பார்த்த குரங்கு. பணி ஓய்வுக்குப் பிறகு என் மகன் ஒரு ஜூம் கேமரா வாங்கிக் கொடுத்தான். நாட்டுக்குரங்குதான் என் போன்ற கற்றுக்குட்டிக்கு ஏற்ற விலங்கு. ஓடி ஒளியாது. குட்டி தாயின் வயிற்றை இறுக்கிக்கொண்டு தொங்கும். மயிரெல்லாம் கறுப்பு, முகம் மட்டும் வெளிறிச் சிவந்திருக்கும். அன்றைக்கு ஒரு தாயின் கையில் இருந்த குட்டி தொங்கிய விதம் சரியாக இல்லை. ஜூம் போட்டுப் பார்த்தேன். செத்துப்போயிருந்தது. தாய் அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மூன்று காலால் நடந்தது. தின்னும்போது பக்கத்தில் கிடத்தி வைத்தது. வேறு குரங்கு கிட்டே வந்தால் சட்டென்று எடுத்துக்கொண்டது. ஈ உட்கார்ந்தால் விரட்டியது. ஒரே ஒரு படம் எடுத்தேன். யாருக்கும் அனுப்பியதில்லை.

குரங்கினங்களில் பலவற்றில் இதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சில நாள், சமயத்தில் வாரக்கணக்கில்கூடத் தூக்கிக்கொண்டு திரியும். ஏன் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இறந்தது தெரியாமலா, தெரிந்தும் விட மனமில்லாமலா? அது வலது பக்கப் பத்தி. இடது பக்கம் எழுத முடிவது இவ்வளவுதான்: தூக்கிக்கொண்டு நடந்தது.

அந்தப் பெண் படத்தை அனுப்பச் சொன்னாள். யோசித்துவிட்டு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "இதும் அம்மாதானுங்களே டீச்சர்." அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

அண்ணன் மகளே, நல்ல விஷயம் சொல்கிற பொய் யார் தலையில் போய் விழும் என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது.

அதற்காகப் பாசமான படங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவை உயிர். 2023 டிசம்பர் கடைசியில் வால்பாறைப் பக்கம் ஒரு யானைக் கன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டது. வனத்துறைக் களப் பணியாளர்கள் ட்ரோன் வைத்துக் கூட்டம் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துக் கன்றைத் தாயிடம் சேர்த்தார்கள். சேர்த்ததோடு வந்துவிடவில்லை, பின்னாலேயே இருந்து கண்காணித்தார்கள். அப்படிக் கண்காணித்தபோது அவர்கள் எடுத்த படத்தைத்தான் வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாகு பகிர்ந்தார். மத்தியான வேளையில் தாயின் மேல் சாய்ந்து கன்று தூங்குகிறது. அவ்வளவுதான் படம். இதற்குக் கதை சேர்க்கத் தேவையே இல்லை. தேடி அலைந்தவர்களே எடுத்த படம். சேராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தாயோடு சேர்க்க முடியாத கன்றுகளை முதுமலை தெப்பக்காட்டு முகாமில் வளர்க்கிறார்கள். ஆஸ்கர் வாங்கிய படத்தில் வந்த ரகு அப்படி வளர்ந்தவன்தான். எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் காட்டில் அம்மாவோடு வளர்வது போல ஆகாது.

யானையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகலாம். சுமார் 22 மாதம் சுமக்கிறது. பிறக்கும்போதே கன்று ஏறக்குறைய நூறு கிலோ. ஆனால் அந்தத் தும்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதற்கு மாதக்கணக்கில் தெரியாது. தானே மிதித்துக்கொள்ளும். பாலைத் தும்பிக்கையால் குடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தும்பிக்கையை மேலே சுருட்டிக்கொண்டு, தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே தலையை விட்டு வாயால்தான் குடிக்கும். மடி அங்கேதான் இருக்கிறது, மாடு போலப் பின்னால் அல்ல. கன்றைப் பார்த்துக்கொள்ளத் தாய் மட்டுமல்ல. அக்காவும் சித்தியும் பெரியம்மாவும் பாட்டியும் சுற்றி நிற்பார்கள். நடக்கும்போது கன்றை நடுவில் விட்டுத்தான் நடப்பார்கள்.

போன வருஷம் வால்பாறை போனபோது, வண்டி ஓட்டியவன் என் பழைய மாணவன். ஒரு வளைவைத் தாண்டியதும் தேயிலைக்கு நடுவே யானைகள், காலுக்கிடையில் ஒரு குட்டி. முன்னால் ஐந்தாறு வண்டிகள் நின்றிருந்தன. ஆட்கள் இறங்கிச் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவை எடுத்தேன். அவன் நிறுத்தவில்லை. "குட்டியோட இருக்குதுங்க டீச்சர். ரோட்டத் தாண்டத்தான் நிக்குது. நாம நின்னா அது நிக்கும்" என்றான். நாலு விநாடி பார்த்தேன். படம் இல்லை. ஐந்தாம் வகுப்பில் கணக்கே வராத பையன் அவன். அன்றைக்கு அவன் போட்ட கணக்கு சரி. வண்டிகள் வழியை மறித்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும்; கன்று ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். அப்புறம்தான் தாய் வண்டியை நோக்கி ஓடிவரும், நாமும் 'ஆக்ரோஷ யானை' என்று வீடியோ போடுவோம்.

தாயையும் சேயையும் நன்றாகப் படம் எடுத்தவர்கள் எல்லாரும் பொறுமைசாலிகள். மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வெவ்வேறு உறுப்புகளைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்திருந்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவர். தமிழிலும் அருமையாக எழுதியிருக்கிறார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

காட்டுப் பக்கம் போகிற நம் பிள்ளைகளுக்கு நாலு விஷயம். புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் மான் குட்டி அனாதை அல்ல. தாய்தான் அதை அங்கே ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும். வந்து பால் கொடுக்கும். தூக்காதீர்கள், பக்கத்தில் நின்று படமும் எடுக்காதீர்கள், நீங்கள் நிற்கும்வரை தாய் வராது. இரண்டாவது, பறவைக் கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள். படத்துக்காக இலையை விலக்கினால் குஞ்சு வெயிலுக்கும் காக்கைக்கும் போகும். பல போட்டிகளில் கூட்டுப் படங்களைச் சேர்ப்பதே இல்லை. மூன்றாவது, ஃபிளாஷ் வேண்டாம். நாலாவது, குரங்குக்குத் தின்பண்டம் கொடுத்துக் கிட்டே வரவழைக்காதீர்கள். அந்தப் பழக்கத்தில் அது குட்டியோடு ரோட்டுக்கு வரும், வண்டி நிற்காது. இதற்கெல்லாம் ஒரே சோதனை போதும்: உங்களைக் கண்டு தாய் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினால், நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள்.

இனி வீட்டுப்பாடம். தாயும் குட்டியும் உள்ள படம் ஏதாவது உங்களிடம் இருந்தால் கீழே போடுங்கள். அணில், பூனை, கோழி எதுவானாலும் சரி. எந்த ஊர், எந்த மாதம் என்று எழுதுங்கள். 'பார்த்தது' ஒரு வரி, 'நினைத்தது' ஒரு வரி. இரண்டையும் கலக்காமல் எழுதுகிறவர்களுக்கு நட்சத்திரம் உண்டு. கலந்து எழுதினால் சிவப்பு மை இன்னும் தீரவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாரும் நன்றாக இருங்கள். பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்