வலைப்பாட்டுக்குப் போன ஒரு நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ், கேரதீவு தாண்டியதும் சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறுகிறது. 288 மீற்றர் நீளமான இந்தப் பாலம் 2011 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதுவரை பூநகரிச் சனம் தரைவழியாக யாழ்ப்பாணம் போவதென்றால் பரந்தன், ஆனையிறவு என்று சுற்றித்தான் வரவேண்டும். அவசரத்துக்கு ஒரு கர்ப்பிணியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்தப் பாதையால்தான். பாலத்தில் பஸ் ஓடும் ஒரு நிமிடத்துக்குள் இதை நினைக்காமல் என்னால் கடக்க முடிவதில்லை.

பூநகரி வயல்களில் மொட்டைக்கறுப்பன் அறுவடை முடிந்து ஒட்டு மட்டும் நின்றது. மன்னார் வீதியில் இறங்கி, ஆட்டோ ஒன்றைப் பிடித்து மேற்கே கடலை நோக்கிப் போனேன். பனைகள், உடைமரங்கள், பிறகு உப்புக்காற்று. வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு என்று அடுத்தடுத்த கிராமங்கள். கரையோரக் கடலில் கடலட்டைப் பண்ணைகளின் தடிகள் நட்டபடி நின்றன. 2022இல் இந்தப் பண்ணைகளுக்கு எதிராகக் கிராஞ்சி மீனவர்கள் போராடினார்கள். வலைப்பாட்டில் பெண்கள் சிலர் கயிற்றிலிருந்து கடற்பாசியைப் பிரித்து வெயிலில் பரவிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் நலன் பற்றிய ஒரு சிறு கலந்துரையாடலுக்காகத்தான் போனேன். ஆனால் இந்தக் கிராமங்களுக்கு வரவேண்டும் என்று பத்து வருடங்களுக்கு மேலாக மனதில் கிடந்ததற்கு வேறு காரணம் உண்டு.

2013 ஆகஸ்ட் 31ஆம் திகதி இந்த மூன்று கிராமங்களிலும் நடந்தது பற்றி ஒரு தன்னார்வ ஆய்வுக் குழு அறிக்கை வெளியிட்டது. பிள்ளைகளைக் காட்ட வாருங்கள் என்று அழைக்கப்பட்ட தாய்மாருக்கு, போதிய விளக்கம் சொல்லாமலும் வற்புறுத்தியும் கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டது என்பது அந்த அறிக்கையின் குற்றச்சாட்டு. வற்புறுத்தல் இருக்கவில்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். அந்த அறிக்கையை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. அதில் என்னையும் கண்டேன்.

அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 2012இல் பல்கலைக்கழகம் முடித்த கையோடு, வன்னியின் இன்னொரு பகுதியில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்தேன். சமூகவியலில் மல்தஸின் சனத்தொகைக் கோட்பாட்டுக்கு நல்ல புள்ளி எடுத்தவள் நான். எனது பொறுப்பில் ஒரு குடும்பம் இருந்தது. ஐந்து பிள்ளைகள், கணவருக்கு ஒரு கால் இல்லை, தறப்பாள் கொட்டில். எங்கள் படிவத்தில் 'குடும்பத்திட்ட ஆலோசனை வழங்கப்பட்டதா' என்று ஒரு கூடு இருந்தது. "இன்னும் பெத்து என்ன செய்யப்போறியள் அக்கா?" என்று கேட்டேன். மூன்று தடவை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். நான்காம் தடவை நானே கையைப் பிடித்துக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். கூட்டில் சரி போட்டேன். நல்ல வேலை செய்த திருப்தி!

பல மாதங்கள் கழித்து அந்த அக்கா சொன்னார்: "மாத்தளனிலை ஒண்டைப் பறிகுடுத்தனான், மிஸ். இன்னொண்டு பெறவேணும் எண்டுதான் மனசுக்குள்ளை இருந்தது. நீங்கள் சொல்லேக்கை மறுத்தா வீட்டுத்திட்டத்திலை பேரை வெட்டிப்போடுவியளோ எண்டு பயந்திட்டன்."

பெயரை வெட்டும் அதிகாரம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் கையில் கோப்போடு வாசலில் நிற்பவளுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் மிரட்டவில்லை. மிரட்டத் தேவை இருக்கவும் இல்லை. பட்டினியிலும் பயத்திலும் இருக்கும் ஒருத்தி 'ஓம்' என்று சொல்வதைச் சம்மதம் என்று எழுதக்கூடாது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

வலைப்பாட்டில் பதினேழு பெண்கள் வந்திருந்தார்கள். போசாக்கு, இரத்தச்சோகை, திரிபோஷா பற்றியெல்லாம் கலகலப்பாகப் பேசினார்கள். திரிபோஷாவைப் பிள்ளை தின்னாது, தகப்பன்தான் தின்னுறார் என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். குடும்பத்திட்டம் என்ற சொல்லை எடுத்ததும் மண்டபம் அமைதியாகிவிட்டது.

"கையிலை குச்சி வச்சாப் பிறகு பிள்ளையே தங்காது எண்டு கதைச்சவை. அதுக்குப் பிறகு எனக்குக் கிளினிக் எண்டாலே பயம்," என்றார் ஒருவர். அவருக்குக் குச்சி வைக்கப்படவில்லை. பயம் மட்டும் வந்திருக்கிறது.

உண்மையில் அந்தக் குச்சி பொல்லாத சாமான் அல்ல. தீக்குச்சியளவில் இரண்டு. மேற்கையின் உட்புறத்தில் தோலுக்குக் கீழ் வைப்பார்கள். ஐந்து வருடம் வேலை செய்யும். மாதவிடாய் முன்பின்னாகலாம், சிலருக்கு இடையிடையே இரத்தம் படலாம். எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் தன்மை திரும்பி வரும். நிரந்தரமாகக் குழாயைக் கட்டும் எல்.ஆர்.டி. வேறு, இது வேறு. இவ்வளவையும் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. வைப்பதற்கு முன்னர் சொல்லவேண்டிய பத்து நிமிடம் அது. வேண்டாம் என்று சொல்லவும், வைத்த பிறகு மனம் மாறினால் எடுத்துத் தரும்படி கேட்கவும் தனக்கு இடமுண்டு என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பின்வரிசையில் இருந்த அம்மம்மா ஒருவர் அதுவரை பேசவில்லை. 2009இல் புதுமாத்தளனில் தன் மகளின் பிள்ளைப்பேற்றைப் பங்கருக்குள் தானே பார்த்ததாகச் சொன்னார். பிளேட்டைச் சுடுதண்ணியில் போட்டு எடுத்துத் தொப்புள்கொடியை வெட்டினாராம். "மேலை செல் விழுது. பிள்ளை அழுறதும் கேக்கேல்லை. தட்டிப் பாத்துத்தான் உயிர் இருக்கெண்டு கண்டனான்." அந்தப் பேரன் இப்போது தகப்பனோடு கடலுக்குப் போகிறானாம். மகளுக்கு அப்போது வயது பதினெட்டு. இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் அவசரமாகக் கட்டிக்கொடுத்த பிள்ளை. "அவளிட்டையும் நாங்கள் ஒண்டும் கேக்கேல்லைத்தானே, பிள்ளை," என்றார். நான் பதில் சொல்லவில்லை.

எத்தனை பேர் எங்கள் வயிற்றைப் பற்றி முடிவெடுக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஏழைகள் பெறாதீர்கள் என்கிறது ஒரு குரல். இனம் குறைந்துபோகிறது, பெறுங்கள் என்கிறது மேடையில் இன்னொரு குரல். இரண்டுமே பிள்ளைக்குப் பால்மா வாங்கித் தருவதில்லை. மறுபக்கம், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருவைக் கலைக்கலாம். வல்லுறவால் கருவுற்றவளுக்கும், உயிர்வாழ முடியாத குறைபாடுள்ள கருவைச் சுமப்பவளுக்கும் விலக்களிக்கும் யோசனை 2017இல் அமைச்சரவை வரை போயும் சட்டமாகவில்லை. கருவைக் கலைப்பது பாவம் என்று நம்பும் சகோதரிகள் அந்த மண்டபத்திலும் இருந்தார்கள். அவர்களின் நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பயத்தில் கண்ட இடத்தில் கண்டதைச் செய்து இரத்தம் போய்க் கிடக்கும் பெண்ணிடம், பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கு வராமல் இருக்காதே என்று சொல்லத்தான் வேண்டும். அன்றும் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழ்நாட்டில், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்திருந்த தாய்மார் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றபோது, குழாயை மீண்டும் பொருத்தும் சத்திரசிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. இதைக் கூறியதும், "எங்கடை ஆக்களுக்கு ஆர் அப்பிடிக் கேட்டது?" என்றார் ஒருவர். மாத்தளனில் பிள்ளையைக் கொடுத்த அந்த அக்காவின் முகம்தான் எனக்கு நினைவில் வந்தது.

மாலை பஸ்ஸுக்காக வீதிக்கு வந்தபோது ஓர் இளம்பெண் எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்தபடி பின்னால் வந்தாள். கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாதவள்.

"மிஸ், எனக்கு அந்தக் குச்சி வைக்க விருப்பம். மாமிதான் பயப்பிடுறா."

"அவர் என்ன சொல்லுறார்?"

"அவர் கடலாலை வந்து படுத்தா எழும்பமாட்டார். அவருக்குச் சொல்லிப்போட்டன்."

இரண்டு கேள்வி கேட்டாள். பால் கொடுக்கும்போது வைக்கலாமா? ஐந்து வருடத்துக்கு முன்னர் எடுக்கச் சொன்னால் எடுப்பார்களா? இரண்டுக்கும் ஓம் என்றேன். தன் உடம்புக்குப் பொருந்துமா என்பதை வைப்பதற்கு முன்னர் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்டு, நானும் கூட வரட்டுமா என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"வாங்கோ மிஸ். ஆனா மிட்வைப் மிஸ்ஸோடை நான்தான் கதைப்பன். நீங்கள் வெளியிலை இருங்கோ."

சரி என்றேன். அவள் சொன்ன திகதியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மன்னார்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது.